செக்கிங் தூங்கிய மதியம்

சட்டை தைக்கும் கம்பெனியில் வீட்டில் வைத்த பெயர் செல்லாது. சட்டையில் எந்தப் பாகத்தைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். கை வைக்கிறவள் கை, பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட், பட்டன் அடிக்கிறவன் பட்டன். "கை இன்னைக்கு லீவு, பாக்கெட்டுக்குக் காய்ச்சல்" என்று சூப்பர்வைசர் கத்தும்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் மிரண்டுபோவார்கள். நம் ஆள் சேர்ந்த அன்றே காலர் தைக்க உட்கார்ந்தாள். காலர் என்று பெயராயிற்று. வயது ஏறியதும் காலர் அக்கா ஆனாள். அதற்கு மேல் பதவி உயர்வு எதுவும் வரவில்லை.

அவள் புருஷனும் அதே கம்பெனிதான், பெயர் செக்கிங். தைத்து முடித்த சட்டையெல்லாம் கடைசியில் அவர் மேஜைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் அங்கே வேறு சிலரும் இருந்தார்கள். செக்கிங் கண்ணையே நம்பாதவர். வலது கட்டைவிரலைத் தையல் மேல் ஓட்டுவார். நல்ல தையலில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். தையல் தாவிய இடம் வந்தால் டக்கென்று நிற்கும். சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, "ரிஜெக்ட்" என்று ஒரு சொல், சட்டை கூடைக்குப் போய்விடும். குறை இல்லை என்றால் "பாஸ்" என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது கையிலிருந்து காசைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி முகம் சுருங்கும்.

கல்யாணமும் அந்த மேஜையில்தான் முடிவாயிற்று. அவள் காலர் மட்டும் திரும்பத் திரும்பக் கூடைக்குப் போக, ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய்க் கேட்டாள்.

"என் காலர்ல அப்படி என்னதான் குறை?"

"இடது முனை வலதை விட நூல் கனம் பெரிசு."

"பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி பாக்குறீங்களே!"

"பாத்தா என்ன? கட்டிக்கிட்டா ஒழுங்கா தைப்பியா?"

பெண் கேட்கிற லட்சணமா இது? ஆனால் அவள் சரி என்றுவிட்டாள். தன் காலரை இத்தனை அக்கறையாக இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத் தோன்றியதாம். அந்த அக்கறையைப் பிறகு வாழ்நாள் முழுக்க அனுபவித்தாள். சோற்றில் குழைவு, டீயில் ஆடை, கொடியில் துணி காயப்போட்ட கோணம், கதவுக் கீலின் சத்தம், அவள் தும்முகிற விதம், எல்லாம் மேஜைக்கு வந்து கூடைக்குப் போயின. ஒரே மகள் கல்யாணமாகி விமானம் ஏறினாள். அவள் போன் செய்தால் முதலில் சிக்னலில் குறை சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். மற்றவர்கள் தைத்த காலருக்கு அவர் "பாஸ்" சொல்லிக் காலர் அக்கா கேட்டிருக்கிறாள். தன்னுடையதற்குக் கேட்டதில்லை.

எதையும் தடவிப் பார்த்து வாங்குகிற அந்த மனிதர் சிகரெட்டை மட்டும் பெட்டி பெட்டியாகக் கேள்வி கேட்காமல் வாங்கினார். கம்பெனியின் பஞ்சுத் தூசும் தன் பங்குக்கு உள்ளே இறங்கியது. ஓய்வு பெற்றபோது மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிற நுரையீரல்தான் மிச்சம். அப்புறம் ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கி, வாக்கியத்தின் நடுவில் நிறுத்திக் குறை சொல்கிற நிலைமை வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தீவிர சிகிச்சை வார்டில் மூக்கில் குழாய் வைத்தார்கள். சாதாரணக் குழாய் இல்லை. விரல் தடிமனில், சூடான ஈரக் காற்றோடு ஆக்சிஜனை வேகமாக உள்ளே தள்ளுகிற குழாய். பக்கத்தில் அதற்கென்று ஒரு மெஷின், மெஷினுக்கு மேலே தண்ணீர்ப் பை, சுவரில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் மிதக்கும் சின்னக் குண்டு, கீழே ஒரு திருகு. தலைக்கு மேலே இருந்த திரையில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பச்சை எண் ஓடியது.

டாக்டரம்மா பொறுமையானவர். காலர் அக்காவையும், செக்கிங்கின் தம்பியையும் நிற்கவைத்து விளக்கினார்.

"இவர் நுரையீரல் பல வருஷமா குறைச்சல் காத்துக்கே பழகிப்போச்சு. இவருக்குத் தொண்ணூறை ஒட்டி இருந்தா போதும். கூடக் குடுத்தா உள்ள இருக்கிற கெட்ட காத்து வெளிய போகாம தேங்கிடும். அப்புறம் மெல்ல மெல்ல மயக்கத்துல இறங்கிடுவார். நூறு வரணும்னு யாரும் ஆசைப்படாதீங்க."

இருவரும் தலையாட்டினார்கள். தம்பி கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். அவர் டயர்க் கடைக்காரர். காற்று சம்பந்தப்பட்ட எதிலும் தனக்கு ஒரு வாக்கு உண்டு என்று நினைப்பவர்.

செக்கிங் படுத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். வந்த மறுநாளே மெஷினுக்கு ரிஜெக்ட் விழுந்தது. சத்தம் ஜாஸ்தி, காதுக்குப் பக்கத்தில் லாரி நிற்கிறது. மூக்குக்குள் வெந்நீர் ஆவி. கட்டியிருக்கும் பட்டை காது மடலை அறுக்கிறது. சிஸ்டர் பட்டையைத் தளர்த்திப் பார்த்தாள், தோல் நிஜமாகவே உரிந்திருந்தது. வயிறு உப்புசம் என்றார். டாக்டரம்மா தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், காற்று வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது என்றார். ஒரு காலையில் மூக்கு எரிகிறது என்று கூப்பாடு போட்டார். தண்ணீர்ப் பை காலியாகி வறண்ட காற்று வந்துகொண்டிருந்தது, மூக்கில் ரத்தத் துளிகூட எட்டிப் பார்த்துவிட்டது. இந்தச் சிகிச்சையால் என்னென்ன தொந்தரவு வரும் என்று டாக்டர்கள் படித்திருந்தார்களோ, அதையெல்லாம் அவர் வரிசையாகக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார். மெஷினை முடித்துவிட்டுப் போர்வைக்கு வந்தார்.

"இந்தா... இங்க பாரு... ஓரத்துல தையல் தாவியிருக்கு. எந்தக் கம்பெனி சரக்கு இது?"

விரல் அந்தப் போர்வை ஓரத்தில் நடந்துகொண்டே இருந்தது. தாவிய இடத்துக்கு வரும், நிற்கும், திரும்பும், மறுபடி வரும். கண்ணை மூடியிருந்தாலும் விரல் நிற்காது. சிஸ்டர்கள் நொந்துபோய், பார்வை நேரம் முடிந்தாலும் சம்சாரம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் திட்டுவதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் அவர்கள் மற்ற கட்டில்களைக் கவனிக்கலாம். காலர் அக்காவுக்கு இதில் பழைய அனுபவம் இருந்தது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் வேறு ஒரு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் தங்கள் ஆளின் பச்சை எண்ணைச் சொல்லி அடுத்தவர் எண்ணைக் கேட்டார்கள். மூன்றாம் கட்டிலில் ஒரு பெரியவர். அவர் மாப்பிள்ளை கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். மாமனார் நன்றாக இருந்த காலத்தில் ஒரு வார்த்தை பேசியிருப்பானா தெரியாது, இப்போது அவரால் பெருமை வழிந்தது.

"எங்க மாமாவுக்குத் தொண்ணூத்தொம்பது. உங்க அண்ணனுக்கு?"

"எண்பத்தொம்பது," என்றார் டயர்க்காரர். பக்கத்தில் காலர் அக்காவும் நின்றிருந்தாள்.

"அச்சச்சோ," என்றான் மாப்பிள்ளை. பக்கத்தில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா உச்சுக் கொட்டினாள்.

டயர்க்காரருக்கு மானம் போய்விட்டது. அவர் அண்ணன் செத்துப் பிழைப்பது ஒரு பக்கம், கூடத்தில் கடைசி மார்க் வாங்குவது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அவரை உலுக்கியது. இத்தனைக்கும் அவர் கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது: 'அளவுக்கு மேல் காற்று அடிக்கப்படமாட்டாது. வாக்குவாதம் வேண்டாம்.' கூடக் கொஞ்சம் அடி என்று கேட்ட லாரிக்காரர்களோடு அவர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறார்.

அன்று மதியம் அண்ணனைப் பார்க்க உள்ளே வந்தவர் நேராகச் சுவரைப் பார்த்தார். கண்ணாடிக் குழாய், குண்டு, திருகு. கை பரபரத்தது.

"அண்ணி, இங்க கஞ்சத்தனம் பண்றாங்க. இதைக் கொஞ்சம் திறந்துவிட்டா ஜம்முனு ஏறிடும்."

"டாக்டரம்மா வேணாம்னாங்களே தம்பி."

"அவங்களுக்கு ஆயிரம் பேஷன்ட். நமக்கு ஒரே அண்ணன். காத்தோடதான் நான் இத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"டேய்... தொடாதே... அது உன் கடை இல்ல," என்றார் செக்கிங், மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக.

காலர் அக்கா தம்பியின் கையைப் பிடித்திருக்கலாம். அவள் பிடிக்கவில்லை. சிஸ்டர் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள். கூடத்தில் உச்சுக் கொட்டிய அம்மா அவளுக்கும் நினைவில் இருந்தாள்.

திருகு திரும்பியது, குண்டு மேலே எழும்பியது. பச்சை எண் படிப்படியாக ஏறித் தொண்ணூற்றெட்டில் போய் உட்கார்ந்தது. டயர்க்காரர் அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு விரைந்தார். மூன்றாம் கட்டில் மாப்பிள்ளையைத் தேடித்தான் போனார்.

செக்கிங் தம்பியைத் திட்ட ஆரம்பித்தார். பாதி வசவில் கொட்டாவி வந்தது. மீதியை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

தலைக்கு மேலே இருந்த அந்தத் திரையில் ஒரு விசேஷம். எண் குறைந்தால் கத்தும். கூடினால் கத்தாது. வார்டில் அந்த நேரம் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள், சிஸ்டர்கள் எல்லோரும் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து ஒருத்தி திரையைப் பார்த்தாள், பச்சையாகத் தொண்ணூற்றெட்டு இருந்தது. "நல்லா தூங்குறார் போல," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

"ஆமா சிஸ்டர், பல நாள் தூக்கம்," என்றாள் காலர் அக்கா.

அவள் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டாள். ஆடை படர்ந்திருந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசிச் சொட்டுவரை சூடாகக் குடித்தாள். ஸ்டூலை இழுத்துக் காலை நீட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் வரிசையாகப் படுக்கைவிரிப்புகள் காய்ந்தன, ஒன்று கோணலாகத் தொங்கியது, அதைக் கோணல் என்று சொல்ல ஆளில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மதியம் வாய்த்ததில்லை. இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, வாய்க்குள் முணுமுணுக்கவும் செய்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் காலுக்கு இறங்கிவிட்டது. போர்வை நழுவியிருக்கிறதே என்று சரிசெய்யக் குனிந்தபோதுதான் கட்டைவிரலைப் பார்த்தாள்.

விரல் நின்றிருந்தது. தாவிய தையலில் இல்லை. அங்கே நின்றிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். நல்ல தையலின் நடுவில், குறையே இல்லாத இடத்தில் நின்றிருந்தது.

அந்த விரலோடு அவள் எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாள்! தூக்கத்தில்கூட அது தலையணை ஓரத்தைத் தேடிப் போகும். போர்வையை இழுத்துத் தாவிய இடத்தை அவர் விரலுக்கடியில் வைத்தாள். அசையவில்லை. கை சூடாக இருந்தது, முகம் சிவந்து வேர்த்திருந்தது. "என்னங்க," என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க! டீயில ஆடை படிஞ்சிருக்கு! கதவு கிரீச்சுனு கத்துது! சோறு குழைஞ்சுபோச்சு!" தெரிந்த குறையையெல்லாம் அவர் காதில் கொட்டினாள். ஒரு குறைக்கும் அவர் எழவில்லை.

"சிஸ்டர்! இவர் என்னைத் திட்ட மாட்டேங்குறார்!"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். வந்தவள் எண்ணைப் பார்த்தாள், சட்டென்று சுவரைப் பார்த்தாள், குண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஒரு கையால் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துகொண்டே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தாள்.

"யாரு இதைத் தொட்டது?"

"என் கொழுந்தன். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டரம்மா வந்தார். மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு ஓட்டினார்கள். கெட்ட காற்று ரத்தத்தில் தளும்பிக்கொண்டிருந்தது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, முகத்தை இறுக்கி மூடும் முகமூடி ஒன்றைக் கட்டினார்கள். அது மூச்சைத் தள்ளி உள்ளே விட்டது, இழுத்து வெளியே எடுக்கவும் உதவியது.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கார்?"

"மதியத்துலேர்ந்து," என்றாள் காலர் அக்கா. பொய் சொன்னால் அவர் உயிருக்கு ஆபத்து என்பது அவளுக்குப் புரிந்தது.

"இவ்வளவு நேரமா?"

அவள் நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள். டாக்டரம்மா முகமூடியின் பட்டையைச் சரிபார்த்தார். "இந்த மாஸ்க் கேக்கலைன்னா தொண்டையில குழாய் விடணும். இவர் இருக்கிற நிலைமையில விட்டா, திரும்ப எடுக்கிறது கஷ்டம்மா," என்று மட்டும் சொன்னார்.

மெஷினின் எல்லாக் குறையையும் அவரேதான் சொன்னார். காது, மூக்கு, வயிறு, தண்ணீர்ப் பை. பெரிய குறை வந்தபோது, அது முதல் வேலையாகக் குறை சொல்கிற ஆளை அமுக்கிவிட்டது. சத்தமில்லாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவள் அவள்.

டயர்க்காரர் விஷயம் கேள்விப்பட்டு வார்டு வாசலுக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தொண்ணூத்தெட்டு வந்துச்சே அண்ணி! நான் கண்ணால பாத்தேனே!"

"நீ போயி உன் கடை போர்டைப் படிச்சிட்டு வா தம்பி. சத்தமா படி."

டயர்க்காரர் கூடத்தின் மூலையில் போய், மூன்றாம் கட்டில் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? திருகியது அவர் கை. வாசலுக்குக் காவல் நின்றது இவள் கண்.

முகமூடிக்குள் அவர் மூச்சு புஸ்புஸ்ஸென்று போய் வந்தது. அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பையில் எப்போதும் இருக்கும் ஊசி நூலை எடுத்தாள். போர்வையின் தாவிய தையலைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். இரண்டு தையல் கோணிக்கொண்டு போனதைப் பார்த்தாள், பிரித்துத் தைக்கத் தெம்பில்லை. 'எழுந்து ரிஜெக்ட் பண்ணுங்க, எழுந்து ரிஜெக்ட் பண்ணுங்க' என்று ஒவ்வொரு குத்துக்கும் மனசுக்குள் கெஞ்சினாள்.

மறுநாள் விரல் அசைந்தது. முதலில் லேசாக. பிறகு ஓரத்தைத் தேடிப் பிடித்து நடக்க ஆரம்பித்தது. பார்த்த சிஸ்டர் கைதட்டினாள். தொண்டைக் குழாய்க்கு அவசியம் வரவில்லை. சில நாட்களில் முகமூடியைக் கழற்றி மறுபடி மூக்குக் குழாயே வைத்தார்கள், திருகுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். எண்பத்தொன்பது காட்டியது. கூடத்தில் மாப்பிள்ளை எண்ணைக் கேட்டான்.

"எண்பத்தொம்பது," என்றாள் காலர் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. அவன் உச்சுக் கொட்டுவதற்குள், "அவருக்கு அதான் அளவு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கட்டிலுக்குப் போனபோது செக்கிங் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் போர்வை ஓரத்தில் இருந்தது.

"இங்க... தாவியிருந்துச்சே."

"நான்தான் தைச்சேன்."

"எப்ப?"

"உங்களுக்கு மாஸ்க் போட்டிருந்தப்ப."

அவர் தலையாட்டினார். மூச்சு வாங்கிக்கொண்டார். சிஸ்டர்களோ தம்பியோ ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

"தம்பி திருகினது... ஞாபகம் இருக்கு. அப்புறம் நான் தூங்கிட்டேன். நீ சிஸ்டரை... எப்ப கூப்பிட்ட?"

"உடனே," என்றாள்.

விரல் அவள் தைத்த இடத்துக்கு வந்தது. முதல் கோணலில் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்து, இரண்டாவது கோணலில் நின்றது. அந்த விரல் இதுவரை எந்தக் கோணலையும் தவறவிட்டதில்லை. அவர் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். அவள் கூடைக்குத் தயாராக நின்றாள்.

"பாஸ்," என்றார்.

விரல் நகர்ந்து போயிற்று. முகம்கூடச் சுருங்கவில்லை.

காலர் அக்கா பிளாஸ்க்கைக் கழுவப் போகிறவள்போல வராண்டாவுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். ரிஜெக்ட் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.